செவலை ஓடிய ஓட்டம்

"இன்னிக்கும் தோத்தே, நாளைக்கே அந்தக் கம்ப்யூட்டர் பரண் மேல ஏறிடும். என் கையில அடிச்சுச் சத்தியம் பண்ணியிருக்கே, ஞாபகம் இருக்கில்ல?"

பருப்புக் குக்கரை அடுப்பில் ஏற்றிக்கொண்டே கேட்டாள் மாமியார் சுந்தராம்பாள்.

"இருக்கு அத்தை" என்றாள் தமிழ்ப்ரியா, ஹெட்போனை மாட்டிக்கொண்டு. "ஜெயிச்சா?"

"ஜெயிச்சா இனிமே அதைப் பத்தி வாயே திறக்க மாட்டேன். எனக்குத் தலை வலிக்குது, கொஞ்சம் படுக்கறேன். குக்கரை நான் பாத்துக்கறேன், நீ உன் குதிரையைப் பாரு."

அறைக் கதவு சாத்திக்கொண்டது. கணவன் மகேந்திரன் நஞ்சன்கூடு பாக்டரிக்கு ஷிப்டுக்குப் போயிருந்ததால், சிபாரிசுக்கும் ஆள் இல்லை.

சத்தியம் செய்தது தமிழ்ப்ரியாவின் அவசரப் புத்தி. ஹெப்பாள் ஆபீஸில் நாளெல்லாம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு வருகிறவளுக்கு இருந்த ஒரே சந்தோஷம் இந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டுதான். கோட்டை, பூதம், மந்திரவாதி எல்லாம் அதில் உண்டு. அவளுக்குப் பிடித்தது சவாரி. ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம் வந்தால், ஆபீஸ் மஞ்சுநாத்திடம் தவறாமல் தோற்பாள். தோற்ற கோபத்தைச் சாப்பாட்டுத் தட்டில் காட்டுவாள். "மூஞ்சியை உம்முன்னு வச்சுக்கிட்டுச் சாப்பிடறதுக்கா நான் ஆக்கிப் போடறேன்?" என்று சுந்தராம்பாள் ஒருநாள் வெடித்ததில்தான் இந்தச் சத்தியம் பிறந்தது.

செவலை கிடைத்தது அதற்குப் பிறகு. மேய்ச்சல் காட்டில் தானாகவே வந்து தமிழ்ப்ரியாவின் எதிரே நின்ற சிவப்புக் குதிரை அது.

இந்த விளையாட்டில் சவாரிக்கு முக்கியம் குதிரையின் மூச்சு. அதைவிட முக்கியம், அதற்கு நம்மேல் இருக்கும் நம்பிக்கை. சாட்டையைச் சொடுக்கினால் வேகம் கூடும், நம்பிக்கை குறையும். செவலைக்கோ இந்தச் சட்டமெல்லாம் பொருட்டே இல்லை. இடப்பக்கம் இழுத்தால் வலப்பக்கம் போகும். விளக்கு வைக்கிற நேரமானால் மரம்போல நின்றுவிடும். ஆனாலும் மனசு வைத்து ஓடினால் அதைப் பிடிக்க ஆள் கிடையாது. அந்த மனசை வரவழைப்பதற்குள்தான் தமிழ்ப்ரியாவுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"ஏன் ப்ரியா, அந்தக் கெழட்டுக் குதிரை இன்னுமா இருக்கு?" மஞ்சுநாத்தின் கன்னடம் கலந்த தமிழ் காதில் கேட்டது. அவன் ஏறியிருந்தது சிறகு முளைத்த சிங்கம். "சும்னே ஏன் கஷ்டப்படறே? தோத்துட்டேன்னு இப்பவே ஒத்துக்கோ."

"வாயால ஓட்டாதே. சிங்கத்தை ஓட்டு."

கொம்பு ஊதியது. சிங்கம் ஒரே தாவலில் முன்னால் போனது. முதல் மேட்டிலேயே பின்தங்கிய தமிழ்ப்ரியாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஓடு, சோம்பேறிக் கழுதை!" சாட்டையைச் சொடுக்கினாள்.

செவலை அப்படியே நின்றது. கழுத்தைத் திருப்பி அவளை ஒரு பார்வை பார்த்தது.

சிங்கம் கண்ணுக்கெட்டாத தூரம் போய்க்கொண்டிருந்தது. தமிழ்ப்ரியாவுக்கு அழுகை முட்டியது. பரண் மேல் கம்ப்யூட்டர் ஏறி உட்கார்ந்திருக்கும் காட்சி கண்முன்னே வந்து போனது.

"சரி, தப்புதான். இனிமே அடிக்கல. நீ உன் இஷ்டப்படி போ தாயே" என்று கடிவாளத்தை விட்டுவிட்டாள்.

அவ்வளவுதான். செவலை பாதையை விட்டு இறங்கிக் காட்டுக்குள் பாய்ந்தது. ஓடையைத் தாண்டியது. பாறைமேல் ஏறிக் குதித்தது. கடைசி வளைவில் சிங்கத்தின் வாலைத் தொடும் தூரத்துக்கு வந்துவிட்டபோது, தமிழ்ப்ரியா நாற்காலி நுனிக்கே வந்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்துச் சமையலறையில் குக்கர் கூவியது.

செவலை தடுமாறியது. மறுபடி விசில். செவலையின் கால் மறுபடி பின்னியது.

"அத்தை! குக்கர்!"

பதில் இல்லை. விசில்மேல் விசில். தீய்ந்த வாடை வீடெல்லாம் பரவியது. செவலை ஒரு கணம் தயங்கியது. பிறகு, வருவது வரட்டும் என்று துணிந்ததுபோல் ஓடியது பாருங்கள் ஓர் ஓட்டம்! மூச்சு வாங்கிய சிங்கத்தை உரசிக்கொண்டு, ஒரு தலை முந்தி, எல்லைக் கோட்டைத் தாண்டியது.

"ஜெயிச்சுட்டேன்!" தமிழ்ப்ரியா நாற்காலியைத் தள்ளிவிட்டு ஆடினாள்.

"ஏய், மெஷின் ஓட்டற குதிரை பாதையை விட்டு இறங்காது" என்று கத்தினான் மஞ்சுநாத். "விலங்கு வேஷம் போட்டு யாரோ உன்கூட ஆடியிருக்காங்க!"

"அது தப்பா?"

"தப்பில்ல, ரூல்லயே இருக்கு. யாருன்னு மட்டும் சொல்லு."

"சத்தியமா எனக்கே தெரியாது. யாரா இருந்தா என்ன, அவங்க கால்ல விழுந்து கும்பிடுவேன்!"

ஹெட்போனை வீசிவிட்டு ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். பருப்பு கரிக்கட்டையாகியிருந்தது. ரயில்வேயில் டிக்கெட் கொடுத்துக்கொண்டே குடும்பம் நடத்திய காலத்திலும் சுந்தராம்பாளின் சமையல் அடிப்பிடித்ததாகச் சரித்திரம் இல்லை.

அறைக் கதவு திறந்தது. வேர்த்து வழிய, தலை கலைந்து, கையில் செல்போனோடு வந்து நின்றாள் சுந்தராம்பாள்.

"என்ன அத்தை, அத்தனை விசில் அடிச்சுது, கேக்கலையா?"

"கேட்டுது, கேட்டுது" என்றாள் சுந்தராம்பாள், விரல்களுக்குச் சொடக்கு எடுத்தபடி. "கடைசி வளைவுல உன்னை முதுகுல வச்சுக்கிட்டு, குக்கரை எப்படிடி இறக்குவேன்? அது கிடக்கட்டும், அடுத்த ஞாயித்துக்கிழமை அந்தச் சோம்பேறிக் கழுதைங்கற பேச்சு மட்டும் வேண்டாம்."