வாய்க்கால் வெட்ட வந்த எண்பது பேர்

சூடம் அணைத்துச் சத்தியம் செய்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பெருமாநல்லூருக்குப் பக்கத்தில், குளத்துக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலைச் சீமைக்கருவேல முள்ளும் மண்ணும் அடைத்து நிற்கின்றன. வடக்கே மேகம் கறுக்கிறது. மழைக்கு முன் வெட்டாவிட்டால் இந்த வருடமும் குளம் காய்ந்துதான் கிடக்கும். ஊர்வேலைக்கு ஆள் திரட்டுவதையே தொழிலாக நடத்தும் கீதாஞ்சலி, பனியன் கம்பெனிக்காரர்கள் எண்பது பேரை வரவழைத்து ஆளுக்கொரு மண்வெட்டியும் டீ-ஷர்ட்டும் கொடுத்திருக்கிறாள். மண்வெட்டிகள் தரையில் கிடந்து மினுங்குகின்றன. எண்பது பேரும் டீ-ஷர்ட்டை உள்பக்கம் திருப்பி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் தையல் பார்க்கிறார்கள். “ஏங்கண்ணு, கழுத்துத் தையல் இழுக்குதே, எந்த யூனிட்டுல தெச்சாங்க?” என்கிறார் பனியன் கம்பெனி முதலாளி மகுடேஸ்வரன். “முள்ளு வெட்டத்தானுங்கண்ணா போடறீங்க, ஜெர்மனிக்கா அனுப்பப் போறீங்க?” கீதாஞ்சலி ஒரு மண்வெட்டியை எடுத்து நீட்டுகிறாள். “அதுக்குன்னு ரிஜெக்ட்டைப் போட்டுக்கிட்டு நிக்க முடியுமா கண்ணு?” எண்பது பையிலிருந்தும் நூல்பிசிறு வெட்டும் கத்தரிகள் எண்பது வெளிவருகின்றன. அவை எழுப்பும் கிளிக் கிளிக் சத்தத்தில் கரைமேலிருந்த மைனாக்கள் கிளம்பி ஊத்துக்குளி வரைக்கும் நிற்காமல் பறக்கின்றன. ஒற்றை மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கீதாஞ்சலி வானத்தைப் பார்க்கிறாள். முதல் துளி அவள் நெற்றியில் விழுகிறது. “துணி சுருங்குதான்னு பாத்துரலாமுங்க” என்கிறது ஒரு குரல்; எண்பது பேரும் டீ-ஷர்ட்டை மாட்டிக்கொண்டு மண்வெட்டியோடு வாய்க்காலில் இறங்குகிறார்கள். அன்று மழை வலுப்பதற்குள் வாய்க்கால் முழுக்க வெட்டி முடிந்து, இப்போது அந்தக் குளத்தில் ஆளுயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது.