இடது பக்கப் படிக்கட்டு

ஐயாயிரம் தாளும் அச்சாகி அடுக்கிய பிறகுதான் பார்த்தேன். பங்களா திரும்பி நின்றது.

கடலில் இறங்கும் படிக்கட்டு மூலப் படத்தில் வலது பக்கம் இருக்கிறது. தாளில் இடது பக்கம். எழுத்தெல்லாம் சரி. படத்தின் பிலிமை மட்டும் நான் குப்புறப் போட்டு ஒட்டியிருக்கிறேன்.

2004 காலண்டர் சீசன், இரண்டு நாளாகத் தூக்கமில்லை என்று சொன்னால் யார் கேட்பார்கள்? போன வருடம் இதே மாதிரி முருகன் கையிலிருந்த வேல் இடது பக்கம் போனதற்கு, முதலாளி காதர் பாட்சா, என்னோடு வேலை பார்த்த செல்லப்பாண்டியை அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பினார். எனக்கோ வீட்டில் மனைவி நாஜியாவுக்கு ஏழாம் மாதம்.

தூத்துக்குடிப் பக்கம் எவனோ வெள்ளைக்காரத் துரை கட்டிய பங்களா. விலைக்கு வருகிறது. அதற்கு விளம்பரத்தாள் அடிக்கத்தான் வீட்டுக்காரர் திருத்தங்கலுக்கு, எங்கள் பிரஸ்ஸுக்கு வந்தார். படத்தைப் பார்த்ததும் முதலாளிக்கே ஆசை வந்துவிட்டது. சீசனில் கம்பெனியை விட்டு நகர முடியாதவர், தாள் மெஷினில் ஓடும்போதே, நேரில் போய்ப் பார்க்காமலே பேசி முடித்துவிட்டார். நாளைக்கு அக்ரிமென்ட்.

தாளை மறைக்க இடம் தேடுவதற்குள் முதலாளியும் வீட்டுக்காரரும் உள்ளே வந்துவிட்டார்கள்.

வீட்டுக்காரர் மேல் தாளை எடுத்தார். அவர் முகம் மலர்ந்தது.

“அச்சு அசல் எங்க வீடேதான்! இந்தா, இந்த இடது பக்கப் படியில எறங்கித்தான் சின்னப்பிள்ளையில நான் நீச்சல் பழகுனேன்.”

தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன்.

அப்புறம் குழம்பிப்போனேன். இடது பக்கமா? ஒருவேளை போட்டோக்காரர்தான் முதலிலேயே மாற்றிப் போட்டு, நான் தெரியாமல் நேராக்கிவிட்டேனா?

மூலப் படத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனேன். படிக்கட்டை ஒட்டி ஒரு படகு நின்றது. அதன் மேல் எறும்பளவு எழுத்தில் பெயர். நேராகத்தான் இருந்தது.

படத்தை மட்டும் பார்த்தவருக்கு வித்தியாசம் தெரியாதுதான். முதலாளிக்குத் தெரியவில்லை, நியாயம். அங்கேயே பிறந்து வளர்ந்தவருக்குமா தெரியாது?

முதலாளி என் முதுகில் தட்டினார்.

“ஏலே ரியாசு, எம்புட்டு அம்சமா அடிச்சிருக்கே!”

ஆறு வருடத்தில் அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். வேலையும் இருக்கும், நல்ல பெயரும் இருக்கும்.

மூலப் படத்தைத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

முதலாளி முதலில் என்னைத்தான் முறைத்தார்.

பிறகு படிக்கட்டைத் தொட்டார். படத்தில் ஒரு தடவை, தாளில் ஒரு தடவை.

அதற்கப்புறம்தான் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.