வலப்பக்க நாற்காலி

கோமாளி மீன் குஞ்சுகள் வெளிச்சத்தைத் தேடித்தான் போகும். விளக்கு தொட்டிக்கு இடப்பக்கம் எரிந்தது. அறுபது குஞ்சுகளும் வலப்பக்கம், அவன் மனைவி உட்கார்ந்து இரை ஊற்றிய நாற்காலிக்கு நேராக மொய்த்தன. அவள் இறந்து ஐந்து மாதம்.

எட்டாம் நாளைத் தாண்டினால் பிழைத்துக்கொள்ளும் என்பாள். அவளுக்குப் பின் பொரித்தவை இரண்டு தடவையும் ஏழாம் நாளே கூண்டோடு செத்தன. நாற்காலி அப்போது மாடியில் கிடந்தது. இனி முட்டையிடத் தாய்மீனும் இல்லை.

மச்சினி நாற்காலியைத் தூக்கினாள். "மாமா, இத நான் எடுத்துக்கறேன். மீனுங்களா வந்து உட்காரப்போகுது?" வாசலருகே வைத்துவிட்டுச் செருப்பைத் தேடப் போனாள்.

குஞ்சுகள் கண்ணாடியோரமாகவே நகர்ந்து, வாசல் பக்க மூலையில் முட்டி நின்றன.

"அத இருந்த இடத்துலயே வச்சிடும்மா. இன்னைக்கு ஏழாம் நாள்."

வைத்தாள். குஞ்சுகள் திரும்பி வந்தன. அவன் நாற்காலியில் உட்காராமல், பக்கத்தில் நின்றபடியே இரை ஊற்றினான்.