பின்பக்கம் அமுங்கிய கார்

"தம்பி, டிக்கியில என்ன?"

"மழைக்காலத்துச் சாமான் மாமா. நனையாம ஏறுங்க" என்று சிரித்தான் ராஜவேல்.

அந்தச் சிரிப்புதான் முருகையனுக்குப் பிடிக்கவில்லை. புதுச்சேரி சாரம் பகுதியில் அவர் வீட்டு வாசலில் நின்ற சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் பின்பக்கம் டயரைத் தொடுகிற மாதிரி அமுங்கிக் கிடந்தது. புதுச்சேரியிலிருந்து தமிழ்நாட்டுப் பக்கம் போகிற கார் இப்படி அமுங்கியிருந்தால் உள்ளே என்ன இருக்கும் என்று ஊரில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும்.

ஏறும்போது கையிலிருந்த மஞ்சள் பை கதவில் இடித்தது. சட்டென்று மடியில் வைத்து அணைத்துக்கொண்டார்.

"பையைக் கீழ வெச்சுக்குங்களேன் மாமா."

"வேணாம் தம்பி. வெத்தல பாக்கு இருக்கு. கால்ல படக்கூடாது."

ராஜவேல் அவர் மகள் நிர்மலாவைப் பெண் பார்த்துவிட்டுப் போனவன். சொந்தமாக மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறான். இந்தக் கார் அவன் பெரியப்பா கொடுத்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா அவர். ஆசையாகக் கொண்டுவந்து, இடுப்பு வலி வந்ததும் இவன் தலையில் கட்டிவிட்டார்.

வந்த வரனையெல்லாம் உதட்டைப் பிதுக்கியே அனுப்பிவைத்த நிர்மலா, "பிடிச்சிருக்குப்பா" என்று வாய்விட்டுச் சொன்ன ஒரே பையன் இவன்தான். முருகையனுக்கும் மனசு நிறைந்துதான் இருந்தது. ஆனாலும் சபையில் கறாராகச் சொல்லிவிட்டார்: "குடிக்கிறவனுக்கும் எம் பொண்ணு கெடையாது, அடுத்தவனுக்கு வாங்கிக் குடுத்துக் கெடுக்கிறவனுக்கும் கெடையாது."

இன்றைக்குத் திண்டிவனம் பக்கத்தில் அக்கா அமிர்தவல்லி வீட்டுக்குப் போய் நிச்சயதார்த்தத்துக்கு அழைக்க வேண்டும். அக்கா வீட்டுக்காரர் தலையை ஆட்டாமல் இவர்கள் குடும்பத்தில் ஒரு நல்ல காரியம் நடக்காது. மழையில் பஸ்ஸுக்கு நிற்க வேண்டாம் என்று ராஜவேலே காரோடு வந்துவிட்டான்.

கார் நகர்ந்தது. நகர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஆட்டோ முந்தியது. மீன்கூடை கட்டிய டி.வி.எஸ். ஃபிப்டி முந்தியது. அதில் உட்கார்ந்திருந்த அம்மாள் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள்.

"ரேஸ் காருன்னு சொன்னாங்க. இந்த உருட்டு உருட்டுறியே தம்பி?"

"தரை ஈரமா இருக்கு மாமா."

ஈரமாம்! உள்ளே இருக்கிற பிராந்தி பாட்டில் உடையும் என்று இவனுக்குப் பயம். என் பொண்ணு ஒரு கடத்தல்காரன் மேலயா ஆசைப்பட்டா? இவன் கம்பி எண்ணினால் அவள் கதி?

கோரிமேட்டு வளைவில் ஓர் ஆடு குறுக்கே பாய்ந்தது.

"பிரேக்கைப் போடு! மிதி, மிதி!" என்று அலறினார்.

ராஜவேல் மிதிக்கவில்லை. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை மெல்லத் தளர்த்தி, ஸ்டியரிங்கைப் பூப்போல ஒடித்தான். காரின் பின்பக்கம் ஒரு தடவை வாலாட்டியது. அவன் ஸ்டியரிங்கை வால் போன பக்கமே லேசாகத் திருப்பினான். கார் அடங்கி நேரானது. ஆடு பிழைத்தது. முருகையனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"இது பின்சக்கரம் தள்ளுற வண்டி மாமா. ஈரத்துல பிரேக்கை ஓங்கி மிதிச்சாலும் போச்சு, வளைவுல ஆக்ஸிலேட்டரை அழுத்தினாலும் போச்சு. பின்னாடி இருக்கறது சுத்திக்கினு முன்னாடி வந்துடும்."

அதற்குள் செக்போஸ்ட் வந்துவிட்டது. மழைக்கோட்டு போட்ட போலீஸ்காரர் காரின் பின்பக்கத்தைப் பார்த்ததுமே கையைக் காட்டினார்.

"டிக்கியத் தொற."

முருகையன் கண்ணை மூடிக்கொண்டார். முருகா, என் பொண்ணைக் காப்பாத்து.

டிக்கி திறந்த சத்தம். லத்தியால் குத்தும் சத்தம். பிறகு ஒரு சிரிப்புச் சத்தம்.

"என்னய்யா இது, மணல் மூட்டை?"

"ஆமா சார். பின்பக்கம் லேசான வண்டி. மழையில கிரிப் நிக்காது. வெயிட்டு வெச்சா ரோட்டைப் புடிச்சிக்கும். பெரியவர் வேற கூட வர்றாரு, அதான் ஒண்ணுக்கு நாலா போட்டேன்."

முருகையன் கண்ணைத் திறந்தார். கண் கலங்கியிருந்தது. சற்று முன்பு தம்மைக் காப்பாற்றியது அந்த மூட்டைகள்தான் என்று புரிந்தது. இந்தப் பையனையா சந்தேகப்பட்டோம் என்று வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிதாக, அப்பாடா என்று இருந்தது.

போலீஸ்காரர் ஜன்னலில் குனிந்தார். "பெரியவரே, எங்க பயணம்?"

முருகையன் பையை இன்னும் இறுக்கினார்.

"என் மாமனார் சார். அவங்க அக்கா வீட்டுக்கு வெத்தல பாக்கு வெக்கப் போறோம்" என்றான் ராஜவேல்.

"நல்ல காரியமா? போங்க, போங்க."

கார் கிளம்பியது. முருகையன் ஒரு பெருமூச்சு விட்டார். சட்டைப்பையில் செல்போன் ஒலித்து அடங்கியது. நிர்மலாவின் மிஸ்டு கால். மாப்பிள்ளை தங்கம் என்று வீட்டுக்குப் போனதும் சொல்ல வேண்டும்.

கிளியனூர் தாண்டியதும் வெயிலே அடித்தது. ரோடு காய்ந்து வெளுத்துக் கிடந்தது. ஆனாலும் கார் ஊர்ந்தது.

"மாப்ள" என்றார் முருகையன். அந்த வார்த்தை இப்போதுதான் முதல் தடவையாக வாயில் வந்தது. "அதான் ரோடு காஞ்சிடுச்சே. இன்னும் ஏன் உருட்டுறீங்க? கொஞ்சம் அழுத்துங்க."

"இருக்கட்டும் மாமா. ரோடு பூரா பள்ளம்" என்றான் ராஜவேல், கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல். "நீங்க ஏறும்போதே பையில சத்தம் கேட்டுச்சு. உங்க அக்கா வீட்டுக்காரருக்கு வாங்கிக்கினு போற ரெண்டு பாட்டிலும் உடையாம போய்ச் சேரணும் இல்ல?"