நானூறு பேரும் வானதியும்

தினமும் காலையில் நானூறு பேருக்கு வாழ்க்கைத் தத்துவங்களை மின்னஞ்சலில் அனுப்பிவந்தேன். யாரும் கேட்டதில்லை, நானும் விட்டதில்லை. பெறுபவர் சம்மதிக்காமல் மின்னஞ்சலோ போனோ எதுவும் போகாது என்று சட்டம் வந்ததும் எல்லோரிடமும் அனுமதி கேட்டேன். இரண்டே பேர் தந்தார்கள். கைதவறி அழுத்திவிட்டதாகச் சொல்லி அவர்களும் மறுநாளே விலகிக்கொண்டார்கள். ஓசூரிலிருக்கும் மகள் வானதியும் மறுத்திருந்தாள்.

"பெத்த பொண்ணே வேணாம்னுட்டா பாரு," என்று மனைவி சுகந்தியிடம் புலம்பினேன்.

"ஊருக்கு அனுப்புறதத்தானே அவளுக்கும் அனுப்புனீங்க? எப்படி இருக்கன்னு ஒரு தடவையாவது கேட்டீங்களா?"

உடனே வானதிக்கு மட்டும், 'எப்படிம்மா இருக்க?' என்று எழுதினேன். அவள் சம்மதம் இல்லாததால் அது போகவில்லை, போனும் போகவில்லை.

அடுத்த பஸ்ஸில் ஓசூர் போய் மணியடித்தேன். கதவைத் திறந்தவளிடம், "உள்ள வரலாமாம்மா?" என்றேன்.

"நீங்களாப்பா கேக்குறீங்க?" என்று சிரித்தபடி வழிவிட்டாள்.