நூற்று எண்பத்தாறாவது பொய்யன்

"வக்கீலைப் பாத்துட்டேன், சார். பொண்ணுங்க ரெண்டு பேரையும் அக்கா வீட்டுல விட்டுட்டேன். இனிமே அவரோட இருக்கிறதா வேண்டாமாங்கிறது நீங்க சொல்ற ஒரு வார்த்தையிலதான் இருக்கு" என்றாள் நோரீன். அவள் முன்னால் இருந்த பான்கேக் ஆறிப்போய், உருகிய வெண்ணெய் அதன் மேல் மறுபடி உறைந்திருந்தது.

டுவைட் கெஸ்லர் புரிந்தவர் போலத் தலையாட்டினார். வர்ஜீனியா பீச் ஊரில் பாதிப் பேர் கடற்படையில் இருந்தவர்கள். மீதிப் பேர் இருந்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள். அந்த மீதியில் 'நான் சீல் கமாண்டோவாக்கும்' என்று, கடற்படையின் அதிரடிப் பிரிவிலேயே இருந்ததாக அளப்பவர்களைப் பிடிப்பதுதான், ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவருக்குத் தொழில், பொழுதுபோக்கு, பக்தி எல்லாம். இதுவரை நூற்று எண்பத்தைந்து பேரைப் பிடித்து, புகைப்படத்தோடு இணையத்தில் தொங்கவிட்டிருந்தார்.

"காபி ஊத்தட்டுமா, கமாண்டர்?" பரிமாறும் லுவான் கெட்டிலோடு வந்து நின்றாள். "இன்னிக்கு யாரு மானம் கப்பலேறுது?"

கெஸ்லர் சீல் படையில் இருந்தது உண்மை. கமாண்டர் அல்ல, அதிகாரி வரிசையிலேயே சேராதவர். பதினொரு வருடமாக அவள் அப்படித்தான் கூப்பிடுகிறாள். திருத்துவதற்கு அவருக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை.

"இவங்க வீட்டுக்காரரோடது" என்றார் கெஸ்லர். லுவான் உச்சுக்கொட்டிவிட்டு நகர்ந்தாள்.

"சொல்லுங்கம்மா. சீல் சின்னம் போட்ட தொப்பி வச்சிருக்காரா?"

"இல்ல, சார்."

"வண்டியில ஸ்டிக்கர்?"

"இல்ல."

"பாருக்குப் போனா கதை விடுவாரு, இல்லையா?"

"குடிக்கவே மாட்டாரு. கப்பல்ல இன்ஜின் ரிப்பேர் பாத்தேன்னு சொல்லித்தான் என்னைக் கட்டிக்கிட்டாரு. ஒம்பது வருஷம் கழிச்சு, போன மாசம், குளியல் தொட்டி விளிம்புல உக்காந்துக்கிட்டு என்கிட்ட மட்டும் சொன்னாரு. நான் மெக்கானிக் இல்ல, சீல்னு. அப்புறம் ஒரு நாள் நாங்க..."

கெஸ்லர் கையை உயர்த்தினார். "வேணாம்மா. கதவை உடைச்சோம், உள்ள பாஞ்சோம், சுட்டோம். நூத்தி எண்பத்தஞ்சு தடவை கேட்டாச்சு. ஊர்ப் பேரு மட்டும்தான் மாறும்."

"அப்போ பொய்தானா?"

"முதல்ல மெக்கானிக்னு சொன்னாரே, அதுதான் நிசம். ஸ்பேனர் பிடிச்ச கைக்கு நாப்பது வயசுல துப்பாக்கி மேல ஆசை வந்துடும். நான் பாக்காத ஆளா?"

நோரீன் முள்கரண்டியை எடுத்தாள். ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டு மென்றாள், பிறகு இன்னொன்று. புருஷன் புளுகன் என்று தெரிந்த பெண்ணுக்கு அந்த நிமிடமே பசி எடுத்ததை கெஸ்லர் இதற்கு முன் பார்த்ததில்லை. அதையும் தன் திறமையின் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

"அதை எழுதிக் குடுப்பீங்களா, சார்? பொய்னு?"

"கையெழுத்துப் போட்டே தரேன். முறைக்குப் பட்டியலையும் ஒரு பார்வை பாத்துடுவோம்." மடிக்கணினியைத் திறந்தார். சீல் பயிற்சியை முடித்த ஒவ்வொருவர் பெயரும் அந்தப் பட்டியலில் உண்டு. அதில் இல்லாதவன் சீல் இல்லை. "பேரு?"

"கர்ட் ஹால்வர்சன். மினசோட்டா, டுலூத்."

கெஸ்லர் தட்டினார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறந்த தேதியைக் கேட்டு, ஒவ்வொரு எழுத்தாக மறுபடி தட்டினார்.

"அதே பேருல வேற யாராவது இருப்பாங்க, சார்" என்றாள் நோரீன்.

அவர் படையில் இன்னும் ஆள் தெரிந்த பழைய நண்பர் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தார். "டுலூத்காரன், ஹால்வர்சன்னு..." என்று ஆரம்பித்ததும் மறுமுனை குறுக்கே பாய்ந்தது. மேசைக்கு எதிர்ப்பக்கம் வரை கேட்டது.

"நம்ம கர்ட்டா? நாலு வருஷம் என் பக்கத்துக் கட்டில். ரெண்டு பதக்கம் வாங்கினவனாச்சே. எப்படி இருக்கான்? இப்பவாவது தூங்குறானா?"

கெஸ்லர் மெல்ல இணைப்பைத் துண்டித்தார். இந்த மாதிரி நேரத்துக்கென்று அவரிடம் வசனம் எதுவும் தயாராக இல்லை. எழுந்து, சட்டையை உள்ளே செருகி, விறைப்பாக நின்று கையை நீட்டினார்.

"மன்னிக்கணும்மா. உங்க வீட்டுக்காரரு அசல் சீல். பதக்கம் ரெண்டு வாங்கியிருக்காரு. உங்ககிட்டகூட வாயைத் திறக்காம இருந்திருக்காரு பாருங்க, அதுதாம்மா பெரிய மனுஷத்தனம்!"

லுவானுக்கு இவ்வளவு போதும். "கமாண்டோ சம்சாரம்!" என்று அவள் கூவியதில் கடையே திரும்பிக் கைதட்டியது. மூலையில் தொப்பி போட்ட இருவர் எழுந்து சல்யூட் அடித்தார்கள். அவர்களில் ஒருவர் கெஸ்லர் பிடித்த நூற்று இருபதாவது ஆள்.

நோரீன் மெல்லுவதை நிறுத்தியிருந்தாள். வாயில் இருந்ததைக் காகிதக் கைக்குட்டையில் துப்பி, மடித்து, தட்டின் ஓரத்தில் வைத்தாள். கைதட்டல் ஓயும் வரை அந்த மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வக்கீலாவது ஒண்ணாவது. வீட்டுக்குப் போங்கம்மா" என்றார் கெஸ்லர். "அவரு உங்ககிட்ட பொய்யே சொல்லல."

"அப்போ, மூணு குழந்தைங்களைச் சுட்டேன்னு சொன்னாரே, சார்... அதுவும் நிசம்தானா?"