குடியேறியவர்களின் வயது

மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து மடிக்கணினித் திரையில் ஈரமாகப் படிந்தது.

துடைத்தேன். மறுபடி படிந்தது.

இரவு முழுக்க வேலை பார்த்தும் இரண்டு புள்ளிவிவரப் படங்கள் பாக்கி. எங்கோ தொலைவில் ஒரு குளிர்ந்த நகரம். அங்கே குடியேறிய சீனர்கள் ஒரு படத்தில், ரஷ்யர்கள் மற்றதில். குழந்தைகள் அடியில், கிழவர்கள் உச்சியில் என வயது வாரியாக அடுக்கியிருந்தது. சீனர்களின் படம் நடுவில் புடைத்திருந்தது. ரஷ்யர்களுடையது தலை கனத்து, குடை போல் நின்றது.

அந்த நகரத்துக்கே வந்து வேலை பார்க்கச் சொல்லி கம்பெனியில் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். இன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். அம்மாவை இங்கே தாண்டிக்குடி மலையில் விட்டுவிட்டுப் போவதா, கூட்டிக்கொண்டு போவதா? இந்த யோசனையிலேயே வாரம் போய்விட்டது.

வெளியே காபித் தோட்டம் இல்லை. எதிர்வீடு இல்லை. யாருடைய இருமலோ மட்டும் வெள்ளைக்குள் மிதந்து வந்தது.

அம்மா காபிப்பழம் பறிக்கப் போகிறவள். இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு ஜீப்புக்காகக் காத்திருந்தவள், என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"இது என்னா தம்பி, குடையாட்டம்?"

"ரஷ்யாக்காரங்கம்மா. போறப்ப அப்பா அம்மாவையும் கூட்டிட்டுப் போயிருக்காங்க. மேல இருக்கறதெல்லாம் கெழடுங்க."

"மத்தது?"

"சீனாக்காரங்க. எளசுங்கதான் நெறைய. பெத்தவங்க பெரும்பாலும் ஊர்லயே இருந்துக்குவாங்க."

அவள் குடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு கப்பலேறி வந்தபோது அம்மா சிறுமி.

"எங்க தாத்தாவையும் இப்பிடித்தான் தூக்கியாந்தாங்க," என்றாள். "இங்க பனி எறங்குனா போதும், ஹட்டன் ரயிலு எத்தினி மணிக்கின்னு கேப்பாரு. பெட்டிய எடுத்துக்கிட்டு வாசல்ல போயி நின்னுக்குவாரு. சாகுற வரைக்கும் அந்த ரயிலுதான்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிக்கிற விஷயம் இல்லை.

ஹாரன் கேட்டது. ஜீப் தெரியவில்லை.

"மகாராணிக்குப் பல்லக்கு அனுப்பணுமோ?" மேகத்துக்குள்ளிருந்து ஒரு பெண் கத்தினாள்.

"வாரேன்டி, கத்தாத!"

அம்மா செருப்பை மாட்டினாள். வாசலில் ஒரு நொடி நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீ சீனாக்காரனாட்டமே போ தம்பி."

இரண்டடி வைத்தாள். முதலில் கால்கள் மறைந்தன, பிறகு சாக்கு, பிறகு தலை. ஜீப் எந்தப் பக்கம் போனது என்பதும் தெரியவில்லை.

திரையைத் துடைக்கக் கையைத் தூக்கியவன் அப்படியே நின்றுவிட்டேன்.

வெளிநாட்டு வேலையைப் பற்றி அம்மாவிடம் நான் இன்னும் வாயே திறக்கவில்லை.